வெண்ணிலா வரைந்த தோப்பு

வில்லியனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல மகள் வெண்ணிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் முகம் தெளிந்து வருவதாகத் திருச்சியிலிருந்து அத்தை சொன்னார். டாக்டர் போனை இன்னும் உன் கையில் கொடுக்க வேண்டாம் என்றாராம், அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் வயது இல்லை, கோபம்.

வெள்ளிக்கிழமை உன் கல்லூரியில் மாணவர்கள் மனசு ஆறுவதற்கான அந்தத் தோட்டத்தைத் திறந்தார்கள். தோட்டம் எப்படி இருக்கணும் என்று வைத்த போட்டியில் தேர்வானது நீ வரைந்த படம் என்பதால் எங்களுக்கும் அழைப்பு வந்தது. அப்பா ஜவுளிக்கடையை விட்டு வரவில்லை. பொண்ணு எங்கே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்குப் பயம். நான் மட்டும் போனேன்.

அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ எனக்கு விளக்கியது அப்படியே நினைவிருக்கிறது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற நாவல் மரங்களைத் தொடாமல், நடுவே மண்பாதை, மழைத்தண்ணீர் நிற்க ஒரு சின்னக் குட்டை. கல் இருக்கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். ஏன்டி இப்படி என்று கேட்டேன். "அழுவுறவங்க மூஞ்சிய யாரும் பாக்கக் கூடாதும்மா" என்றாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா.

மரங்களை வெட்டிவிட்டார்கள், வெண்ணிலா. சருகு கொட்டுகிறதாம், பெருக்க ஆள் இல்லையாம். அந்த இடத்தில் சிமெண்டில் மரம் செய்து பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தரையில் பிளாஸ்டிக் புல், வெயிலில் கால் வைக்க முடியவில்லை. குருவிச் சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. சுற்றிலும் கண்ணாடிச் சுவர், மூலைக்கு மூலை கேமரா. உள்ளே போவதென்றால் காரணம் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். நெஞ்சை அடைக்கிறது என்று எந்தப் பிள்ளை எழுதிக் கொடுக்கும்?

டிபன் கொடுத்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெண் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தேவி என்று பெயர், ஊர் நல்லவாடு, முதல் வருஷம். உள்ளே போய் உட்காரக் கூடாதா என்றேன். "ஃபோட்டோ எடுக்குறாங்க, வெளிய போன்னு தொரத்திட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்தேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு அவளாகவே வகுப்புக்குப் போனாள்.

பிறகு நேராக முதல்வரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, உங்க மகளுக்கு சர்டிபிகேட் ரெடியா இருக்கு, எப்போ காலேஜுக்கு வராங்க என்றார். "இன்னா சார் கேக்குறீங்க? எம் பொண்ணு ஒளிஞ்சி அழ ஒரு எடம் வரைஞ்சி குடுத்தா. நீங்க அதுக்குக் கண்ணாடி போட்டு வேடிக்க காட்றீங்க. மூணு வருஷம் உங்க கண்ணு முன்னாடி இருந்தாளே, ஒருத்தராவது இன்னாம்மான்னு கேட்டீங்களா?" என்றேன். விருந்தாளிகள் இருக்கிறார்கள், மெதுவாகப் பேசுங்கள் என்றார். நான் மெதுவாகப் பேசவில்லை.

வாசலில் உன் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். உன் பெயர் இல்லை, வடிவமைப்பு நிர்வாகக் குழு என்று இருந்தது. ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். காவலாளி தடுத்தார். கேஸ் போடுறதுன்னா போடச் சொல்லுங்க, வில்லியனூர்ல கடை இருக்குது, வரட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. உன் அப்பா யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷன். "அது எங்க வூட்டுப் படங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்புறம் வெகுநேரம் ஒரு புடவையையே மடித்துக்கொண்டிருந்தார்.

நீ அங்கே திரும்பிப் போக வேண்டாம். வருஷம் போனால் போகட்டும், படிப்பு போனாலும் போகட்டும். ஊரார் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். கோபமெல்லாம் என்னிடமே இருக்கட்டும், நீ சாப்பிடு, தூங்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கண்ணு. ராத்திரியில் அறைக்கதவைத் தாழ் போடாதே. சும்மா சாத்திக்கொண்டு படு. நடுவில் அத்தை எட்டிப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதே, பார்க்கச் சொன்னது நான்தான். நீ நூறு வயசு இருக்கணும்.

உன் அம்மா,
ஜெயமணி