வதனியின்ரை இடக்கை

1987 மாசி, சனிக்கிழமை இரவு.

காலமை பேத்தி வதனியைக் கூட்டிக்கொண்டு பியானோ ரீச்சர் வீட்டுக்குப் போனன். ரீச்சர் சொன்னது இன்னும் காதுக்குள்ளை நிக்குது.

"அம்மா, இவளின்ரை வலக்கை நல்லா ஓடுது. இடக்கைதான் பயந்து பயந்து பின்னாலை வருது. ரெண்டு கையும் தன்ரை தன்ரை பாட்டுக்குப் போகவேணும். பியானோவிலை அதுதான் கஷ்டம். இப்பிடியே இருந்தா சோதினைக்கு அனுப்பேலாது."

"எங்கடை பிள்ளைக்கு ஏலாதது ஒண்டுமில்லை" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

மத்தியானம் வதனி பாயிலை நல்ல நித்திரை. இடக்கை மட்டும் பாயிலை பியானோ வாசிச்சுக்கொண்டிருந்தது. அஞ்சு விரலும் ஒரு இடத்திலையும் தடக்காமல் ஓடிச்சுது. "பிள்ளை" எண்டு மெல்லக் கூப்பிட்டன். அவள் முழிக்கேல்லை. கை மட்டும் டக்கெண்டு நிண்டு, முதுகுக்குப் பின்னாலை போய் ஒளிச்சுது.

மூண்டு வயசிலை அவள் இடக்கையாலை சோறு அள்ளினவள். நாலு பேருக்கு முன்னாலை மானம் போகுமெண்டு நான்தான் அந்தக் கையைச் சீலைத்துண்டாலை முதுகோடை கட்டிவைச்சு, வலக்கையாலை சாப்பிடப் பழக்கினனான். எட்டு வருசமாச்சு. மறந்திட்டாள் எண்டுதான் இருந்தன்.

இரவு புட்டுப் போட்ட சாப்பாட்டுக் கோப்பையை அவளின்ரை இடப்பக்கம் தள்ளி வைச்சு, "விருப்பமான கையாலை சாப்பிடு" எண்டன்.

"என்ன அம்மம்மா, பகிடியோ?" எண்டு சிரிச்சாள். பிறகு வலக்கையாலை சாப்பிட்டாள். இடக்கை மடியிலை கிடந்தது. கோப்பை முடியுமட்டும் ஒரு விரல் அசையேல்லை.