ரேடியோவை மணவாளனுக்கு ஏன் கொடுக்கவில்லை

திருத்தணி,
6-8-84

அன்பு மகன் ராஜவேலுவுக்கு நைனா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மலைமேல் இருக்கிறவன் தயவில் நானும் உங்கள் அம்மாவும் மருமகள் கோமளவல்லியும் வேளைக்குச் சாப்பிட்டுத் தறி ஓட்டிக்கொண்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். வெல்டிங் வெளிச்சத்தில் கண் எரிகிறது என்று முன்னொரு கடிதத்தில் எழுதியிருந்தாய், இப்போது எப்படி இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறாயா, அதை முதலில் எழுது. ஆடிக்கிருத்திகை நல்லபடியாக முடிந்தது. இந்த வருஷம் காவடிக் கூட்டம் தாங்கவில்லை, பஸ் எல்லாம் கே.ஜி.கண்டிகையிலேயே நின்றுவிட்டது, மூன்று நாள் ஒலிபெருக்கி ஓயவில்லை, நாங்களும் தறி ஓட்டவில்லை. அம்மா உன் பேருக்கு அர்ச்சனை செய்து திருநீறு எடுத்து வைத்திருக்கிறாள். லீவில் வந்திருந்த கண்டிகை நாகேந்திரன் பன்னிரண்டாம் தேதி குவைத்துக்குத் திரும்புகிறான், இந்தக் கடிதமும் திருநீறும் அவன் கையில் வரும்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. வெளிநாட்டு வானொலிக்காரர்களிடமிருந்து கோமளவல்லி பேருக்குத் தபால் வருகிறது, தெருவில் சிரிக்கிறார்கள், குடும்பத்துக்கு நல்லதில்லை, அதனால் ரேடியோவை அக்கா வீட்டுக்காரர் பாவாவிடம் கொடுத்துவிடுங்கள், கனகம்மாசத்திரத்தில் அவர் கடையில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். உனக்கு இதை ஓதினது யார் என்று எனக்குத் தெரியும். என் மாப்பிள்ளை மணவாளனைத் தவிர வேறு யாருக்கு அந்த ரேடியோ மேல் கண்? ரேடியோவைக் கொடுக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி ஏன் கொடுக்கவில்லை என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரைக்கும் படி. உன் கடிதம் எது வந்தாலும் நான் நடுவீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பதும், அம்மா எதிரில் உட்கார்ந்து கேட்பதும், கோமளவல்லி அடுப்பங்கரைக் கதவோரம் நின்று கேட்பதும் உனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கும் அப்படியே படித்துக்கொண்டு போனேன். பாதி வரியில்தான் விஷயம் புரிந்தது, வாய் நின்றுவிட்டது. அம்மா, இன்னாய்யா நிறுத்திட்ட, படி படி என்கிறாள். மீதியை எப்படிப் படிப்பது? படித்தேன். கோமளவல்லி உள்ளே போய் அரிசி களைந்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை ராஜவேலு.

நீ தை மாதம் ஆள் மூலம் அனுப்பினாயே, சார்ஜ் ஏற்றுகிற பேட்டரிக் கட்டை நாலும் அதற்கு ஒரு பெட்டியும், அந்தக் கதை உனக்குத் தெரியாது. பிரித்த அன்றைக்கே நானும் மணவாளனும் ரேடியோவில் போட்டோம், முக்கலும் இல்லை முனகலும் இல்லை. மணவாளன், மச்சானை அந்த ஊர்க்காரன் ஏமாத்திட்டான் மாமா, செத்த கட்டையைக் கொடுத்து அனுப்பிச்சிகிறான் என்று சொல்லிவிட்டான். நானும் ஆங் என்றேன். கோமளவல்லிதான் குப்பையில் கிடந்த அட்டையை எடுத்து, திருவாலங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்து, மாமா, இது காலியாத்தான் வருமாம், மொதல்ல பதினாலு மணி நேரம் சார்ஜ் ஏத்தணுமாம் என்று சொன்னாள். நம் ஊர்க் கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று முருகனுக்கே தெரியாது. இவள் கரண்டு வந்த நேரம் போன நேரத்தையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து, கூட்டிக் கூட்டிப் பதினாலு மணி ஆக்கினாள். ரேடியோ பாடிற்று. பிளக்கில் சொருகிக் கேட்கலாமே என்று நீ கேட்பாய். நம் வீட்டில் நாலு தறி, பக்கத்து வீட்டில் ஆறு, சொருகினால் உர்ர் என்ற சத்தம்தான் கேட்கும், அதுவும் சிற்றலை என்றால் சொல்லவே வேண்டாம். கட்டை போட்டு, தறிச் சத்தம் எட்டாத இடமாகப் பின்பக்கத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனால்தான் குரல் குரலாகக் கேட்கிறது.

ஆனால் சார்ஜ் முழுசாக ஏற்றியும் ரேடியோ இரண்டாம் நாளே திடீரென்று செத்துப்போகும். சாதாக் கட்டை மாதிரி மெல்ல மெல்லக் குரல் இறங்காது, பேசிக்கொண்டே இருக்கும், பொசுக்கென்று நிற்கும். நானாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். இவள் டார்ச் லைட் பல்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கட்டையாக ஒயர் வைத்துக் கட்டி, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்த்தாள். ஒற்றைக் கட்டைக்கு மங்கலாகத்தான் எரிந்தது. இரண்டு கட்டை ஐந்து மணி நேரத்தில் அணைந்துபோயின. மற்ற இரண்டும் காலையில் கட்டினது விளக்கு வைக்கிற நேரத்துக்கும் எரிந்துகொண்டிருந்தன. பிறகு என்ன செய்தாள் தெரியுமா, நம் நூல் நிறுக்கிற தராசில் நாலையும் நிறுத்தாள். நான் முப்பத்தைந்து வருஷமாக அந்தத் தராசைத் தொடுகிறேன், எனக்கு அது தோன்றவில்லை பார். பார்வைக்கு நாலும் ஒரே பருமன். தராசில் போட்டால் சீக்கிரம் அணைந்த இரண்டும் மற்றதில் பாதி எடை கூட இல்லை. நீ இரண்டு கம்பெனிக் கட்டையைக் கலந்து வாங்கிவிட்டாய் போலிருக்கிறது. மேலே தகடு மட்டும் பெரிசு, உள்ளே இருக்கிற கட்டை சின்னது, மூர்த்தி பெரிசு கீர்த்தி சிறிசு. கனமான இரண்டுக்கு மஞ்சள் பொட்டும் லேசான இரண்டுக்குக் குங்குமப் பொட்டும் வைத்தாள். அம்மா பார்த்துவிட்டு, இன்னாடி கட்டைக்குக் கல்யாணமா என்று கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இதில் நான் செய்த ஒரு புத்திகெட்ட வேலையையும் எழுதிவிடுகிறேன். சித்திரையில் ஒரு நாள் கட்டை தீர்ந்து கிடந்தது, கரண்டும் இல்லை. கட்டை வீக்கானால் வெயிலில் வைத்து எடுப்பதுதானே நம் வழக்கம். மஞ்சள் பொட்டுக் கட்டை இரண்டையும் எடுத்து, மாடியில் அம்மா வற்றல் காயவைத்திருந்த முறத்தில் வைத்துவிட்டு மறந்துபோனேன். சாயந்திரம் பார்த்தால் ஒன்றின் வாயில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நான் அதைத் துடைத்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் கோமளவல்லி எடுத்துப் பார்த்தாள், இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி மாமா, அதான் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து மீதி மூன்றோடு ஒரு சாதாக் கட்டையைச் சேர்த்துப் போட்டு, கேட்டு முடித்ததும் கழற்றி வைத்து, எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பாய். போன மாதங்களில் உங்கள் பக்கத்துக் கடலில் எண்ணெய்க் கப்பல் மேல் குண்டு விழுந்தது இல்லையா, இங்கே பேப்பரில் வருவதற்குள் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு கதை. குவைத் துறைமுகமே எரிகிறது என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். உன் கடிதம் வரப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் உங்கள் அம்மா சோற்றில் கை வைத்தாள் என்றால் அது கோமளவல்லியால். சாயந்திரம் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு ஸ்டேஷன் சொன்னதை நம்பாமல் மூன்று ஸ்டேஷன் தமிழ்ச் செய்தியும் கேட்டுவிட்டு வருவாள். கப்பல் நடுக்கடல்ல அத்தே, அவரு வேலை செய்ற துறைமுகம் பேரு ஒருத்தரும் சொல்லல, நீங்க சாப்பிடுங்க என்பாள். தெரியாத நாளில் தெரியவில்லை என்றுதான் சொல்வாள், ஆறுதலுக்காக ஒரு பொய் சொன்னதில்லை, அதனால்தான் அம்மா நம்பினாள். அதற்காக உனக்காக மட்டுமே கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. தேனீ பற்றிக் கேட்கிறாள், பனி பெய்கிற ஊரில் பால் எப்படிக் கறக்கிறார்கள் என்று கேட்கிறாள், தனியாக உட்கார்ந்து சிரிக்கிறாள். அதுவும் அவளுக்கு வேண்டும்தானே.

அந்தத் தபால்களில் என்ன இருக்கிறது என்று உனக்கு எழுதினவன் பிரித்துப் பார்த்தானா? நான் பார்த்தேன். இன்ன தேதி, இன்ன நேரம், இத்தனையாவது மீட்டரில் உங்கள் குரல் தெளிவாக இருந்தது, இத்தனை நிமிஷம் கரகரத்தது என்று இவள் எழுதிப் போடுகிறாள். அவர்கள் சரிபார்த்து, ஆமாம் அது நாங்கள்தான் என்று படம் போட்ட அட்டை அனுப்புகிறார்கள். போன மாதம் ஒரு ஸ்டேஷனில் இவள் பேரைச் சொல்லி, திருத்தணி நேயர் அனுப்பின குறிப்பு எங்கள் இன்ஜினீயர்களுக்கு உபயோகமாக இருந்தது என்று வாசித்தார்கள். அவள் ஓடிவந்து சொன்னதும் நான் நாலு தறியையும் நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். நான் போவதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் பாவு நூல் அறுந்தால் ஒழியத் தறியை நிறுத்தாதவன் நான், உனக்கே தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சிரிக்கிறவன் சிரிக்கட்டும், எனக்கு அன்றைக்குப் பெருமைதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மணவாளன் பெரிய துணிப்பையோடு வந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கோமளவல்லி ரேடியோவைத் துடைத்து, உறை போட்டு, கட்டைகளைக் கழற்றித் தனியாகத் தாளில் சுற்றி, சார்ஜ் பெட்டியோடு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். கூடவே ஒரு தாள். எந்தக் கட்டையை எதோடு போட வேண்டும், எத்தனை மணி நேரம் ஏற்ற வேண்டும் என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். அண்ணா, கடையில வெயில் படற எடத்துல மட்டும் கட்டையை வெச்சிடாதீங்க, ஊத்திக்கினு பூடும் என்று சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, சித்திரையில் நடந்தது அவளுக்கு அன்றைக்கே தெரியும், மாமனார் முகம் வாடக் கூடாது என்று வெயில் மேல் பழியைப் போட்டிருக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. மாப்பிள்ளே, ரேடியோ வூட்டை வுட்டுப் போகாது என்றேன். மச்சான் சொல்லிகிறாரே மாமா என்றான். மச்சான் வந்து என்னைக் கேட்கட்டும் என்றேன். உங்கள் அம்மா அவனுக்கு மோர் கொடுத்து, பையை மடிச்சி வெச்சிக்கோங்க மாப்ளே, பஸ்ஸுக்கு நேரமாச்சி என்று சொல்லிவிட்டாள். அவன் முறைத்துக்கொண்டுதான் போனான், உன் அக்காவுக்கு நான் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இதே பருமனில் சார்ஜ் கட்டை நாலு வாங்கி அனுப்பு. நாலும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கினதாக இருக்கட்டும், பழசோடு புதுசைக் கலக்கக் கூடாதாம். தகட்டு மினுமினுப்பைப் பார்த்து வாங்காதே, கடையில் தராசு இருந்தால் போட்டுப் பார், நூற்று முப்பது கிராமுக்குக் குறைந்ததை வேண்டாம் என்று சொல்லிவிடு. மேலே சார்ஜ் கொள்ளும் அளவு நாலாயிரம் என்று எண் போட்டிருந்தால் நல்லது, ஆயிரத்து இருநூறு என்றால் அது ஏமாற்று. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். எதற்கு மாமா என்றாள், சும்மா என்றேன்.

ராஜவேலு, நேற்று ராத்திரி உன் கடிதங்கள் இருக்கிற தகர டப்பாவை எடுத்துப் பார்த்தேன். நீ போய் இரண்டு வருஷம் நாலு மாதம், முப்பத்தொரு கடிதம். முப்பத்தொன்றும் என் பேருக்கு. ஒவ்வொன்றிலும் கடைசி வரி, கோமளவல்லியைக் கேட்டதாகச் சொல்லவும். நம் வீட்டு வழக்கம் அப்படித்தான், பெரியவன் பேருக்குத்தான் தபால் வரும், உன்னை மட்டும் குறை சொல்லவில்லை, நானும் இத்தனை நாள் அது சரி என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் முகத்தையே பார்த்திராத வானொலிக்காரர்கள் ஒன்பது தடவை உறைமேல் திருமதி கோமளவல்லி ராஜவேலு என்று எழுதியிருக்கிறார்கள். உன் பேரையும் அவர்கள்தான் அவள் பேரோடு சேர்த்து எழுதுகிறார்கள். தாலி கட்டின நீ ஒரு தடவையும் எழுதவில்லை.

நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும், வேலை செய்கிற கைக்கும் பார்க்கிற கண்ணுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது, தணிகை மலையான் துணை இருப்பான். அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், வெந்நீர் குடிக்கச் சொன்னாள். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. இந்தக் கடிதத்துக்குப் பதிலை எனக்கு எழுதாதே, அவள் பேருக்கு எழுது. அதை நான் பிரிக்க மாட்டேன், நடுவீட்டில் படிக்கவும் மாட்டேன். என் பேர் போட்டு வந்தால் வாங்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் நைனா
கோ. பரசுராமன்