சுவரை இடித்து வருகிறவள்

14 அக்டோபர் 2025

கோபம் வந்தால் என் பொண்டாட்டி அற்புதத்திடம் திட்டித் தீர்ப்பேன். அவள் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது ஃபோனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. எனக்கு எழுத்து தெரியாது. கொத்தனார்.

மகன் ஆரோக்கியஜோசப்போடு அன்றிலிருந்து பேச்சில்லை. அவளுடைய மூச்சு மெஷினை எடுக்க அவன்தான் கையெழுத்துப் போட்டான். என்னைக் கேட்கவில்லை, நான் வெளியே நின்றேன். “ஒங்களுக்குப் படிக்கத் தெரியாதேப்பா” என்றான் பிறகு.

பொண்டாட்டியை அனுப்புவதற்கு எழுத்து எதற்குடா?

17 அக்டோபர்

அற்புதத்தின் தங்கை மகள் டெல்பின் பாரீஸிலிருந்து வந்தபோது விட்டுப்போன தடிப் படக்கதைப் புத்தகம். பச்சை அங்கிக்காரி ஒருத்தி பறக்கிறாள், கப்பலைத் தூக்குகிறாள். வாசல் இருக்கும்போது சுவரை இடித்துக்கொண்டு வருகிறாள். திரும்ப எவன் கட்டுவான்?

மருமகள் ஆக்சிலியா சிரித்தாள். “மாமா, பொம்ம பாக்குறீங்களா?”

“ஒம் புருஷன வாசிச்சுக் காட்டச் சொல்லு.”

“அது பிரெஞ்சு மாமா. அவருக்கும் தெரியாது.”

அப்பாடா.

18 அக்டோபர்

மறுபடியும் பார்த்தேன்.

22 அக்டோபர்

பச்சை அங்கிக்காரி இடிக்கட்டும். அன்று ஐசியூ சுவரை நானும் இடித்திருக்க வேண்டும். வெறும் செங்கல் சுவர்தானே? செக்யூரிட்டி கை நீட்டி மறித்தான் என்று நின்றுவிட்டேனே— நான்லாம் மனுஷனா? அவள் இடிக்கிற பக்கத்தைப் பார்க்கும்போதுதான் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று வருகிறது.

27 அக்டோபர்

புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். கடைசியில் ஆஸ்பத்திரி. கட்டிலில் அங்கிக்காரியின் அதே மூக்கும் முழியுமாக ஒரு கிழவி, அவளுடைய அம்மாதான். மூச்சுக் குழாயை இவளே கழற்றுகிறாள். கப்பலைத் தூக்கிய கை! ஜோசப்புக்குக் கூட்டா நீ?

28 அக்டோபர்

மடங்கிய பக்கங்களை நீவினேன். அடுத்த படத்தில் எழுத்தே இல்லை. வராண்டாவில் நாற்காலிகள் காலி. அவள் தரையில், அங்கியைத் தலையோடு மூடிக்கொண்டு.

அன்று என்னை உள்ளே விட்டபோது ஜோசப்பும் தரையில்தான் கிடந்தான். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு. நாற்காலி இருந்தது.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். மழையில் அற்புதத்தின் கல்லறை மூலை பெயர்ந்திருந்தது. கரண்டியும் சிமெண்டும் கொண்டுபோனேன். ஜோசப் தள்ளி நின்றான், மெழுகுவத்தியோடு.

“சிமெண்ட கொழைடா” என்றேன்.

தண்ணீர்க் குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டான்.

“கொத்தனார் மவன் கொழைக்கிற லட்சணமாடா இது? பாயசமா காச்சுற?” பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தையிலிருந்து அவனை ஒருநாளும் நான் திட்டவில்லை.

தலையைக் குனிந்து குழைத்துக்கொண்டே கேட்டான். “இன்னும் கொஞ்சம் சிமெண்ட் போடவாப்பா?”

“போடு. ஒங்கம்மா மேல தண்ணி எறங்கக் கூடாது.”