முதல் குட்டியின் கடும்புப் பால்

இன்று காலை கம்பளித் தொப்பியொன்றை இளஞ்சூட்டு நீரில் ஊறப்போட்டேன். நீ பின்னித் தந்த மண்ணிறத் தொப்பி. நனைந்ததும் வைக்கோலும் மழையும் கலந்த அந்த மணம் குசினி முழுவதும் பரவியது. கையை நீரிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். நீ போய் நாற்பது நாள் ஆகப்போகிறது.

நீ இக்காஸ்ட் என்ற இந்த டெனிஷ் ஊருக்கு வந்து இறங்கிய நாளும் நினைவுக்கு வந்தது. உன் மனுசன் முன்னமே வந்து துணித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். உன்னுடைய விசாக் கடதாசி இங்கே ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடக்க, நீ மன்னாரில் மூன்று வருடம் காத்திருந்தாய். மகளை அவர் முதன்முதல் கண்டபோது அவளுக்கு மூன்று வயது. தகப்பனைக் கண்டு உன் சேலைக்குள் ஒளிந்தாள். நீயோ அழவில்லை. "இனி அழுது நேரத்தை வீணாக்கேலாது அக்கா" என்றாய்.

வந்து ஒரு வருடம் முடிவதற்குள் ஊருக்கு வெளியே பழைய பண்ணைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தீர்கள். மூடப்போகும் சிறிய மிருகக்காட்சிச்சாலை ஒன்றிலிருந்து கம்பளிக்காக மூன்று அல்பாக்காக்களை வாங்கி வந்தீர்கள். எங்கள் ஆட்கள் விடுவார்களா? பொங்கல் விழாவில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகக் கேட்டார்: "என்ன பிள்ளை, ஆட்டுக்குக் கழுத்து நீண்டதோ, ஒட்டகத்துக்கு முதுகு தட்டையானதோ?"

"ரெண்டும் இல்லை அண்ணை. உங்களை மாதிரித்தான். ஆரும் கிட்டப் போனால் துப்பும்" என்றாய் நீ. மண்டபம் சிரித்து அடங்க நேரம் எடுத்தது.

ஆனால் அது விளையாட்டு வேலையில்லை என்று எனக்குத் தெரியும். வேலியடிக்க உன் மனுசன் வேலை முடிந்து வந்து குழி தோண்டுவார். நீ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நூலகத்து அல்பாக்கா வளர்ப்புப் புத்தகத்தை ஒரு நாளைக்கு ஒரு பக்கமாகப் படிப்பாய். மூன்றில் ஒன்று சினை. அது ஈன்று குட்டி தப்பினால் பண்ணையைத் தொடர்வது, இல்லாவிட்டால் மூன்றையும் விற்றுவிட்டு நீயும் தொழிற்சாலைக்குப் போவது என்று இருவரும் பேசி வைத்திருந்தீர்கள்.

அது ஈன்றது நீ டெனிஷ் வகுப்புக்குப் போயிருந்த காலையில். காவலுக்கு இருந்தவள் நான். குட்டி விழுந்தது, தடுமாறி எழுந்தது. நிறுத்துப் பார்த்து, நிறையைக் கொப்பியில் எழுதினேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஊரில் மாடு கன்று போட்டால் முதற்பாலில் கடும்பு காய்ச்சிப் பிள்ளையாருக்குப் படைத்துத்தான் எனக்குப் பழக்கம். புதுத் தொழில், முதல் குட்டி. சாமிக்குக் காட்டாமல் விடலாமா? ஆடு கறந்த கைதானே என்று கறந்தேன். அரைத் தம்ளரோடு மடி வற்றிவிட்டது. மாட்டுக்குப்போல இதற்கு மிச்சம் ஊறாது, இருந்த கொஞ்சமும் குட்டியின் உயிருக்கு என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. உன் அடுப்பிலேயே சீனி போட்டுக் காய்ச்சிக் கும்பிட்டேன்.

மத்தியானம் நீ சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கொட்டிலுக்கு ஓடினாய். "குடிச்சதோ அக்கா?"

"ஓம், குடிச்சது" என்றேன். அந்தப் பொய் எப்படி வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தது. ஒரு மணி நேரத்தில் கழுத்துத் தொய்ந்தது. வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்த நீ, "குளிருது. குடிச்ச குட்டிக்கு ஏன் குளிருது?" என்று புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாய். இல்லாத காரணத்தை நீ பக்கம் பக்கமாகத் தேடுவதைக் கண்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரக் கிழவரிடம் பறந்தாய். அவர் உறையவைத்திருந்த பசுவின் கடும்புப் பாலோடு திரும்பி வந்தாய். இளஞ்சூட்டில் உருக்கி, மகளின் பழைய பால்போத்தலில் விட்டு, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு மிடறு மிடறாகப் பருக்கினாய். மாதாவை மன்றாடுவதும் குட்டியின் மூக்கைத் துடைப்பதுமாக நீ. ஒரு மூலையில் பிள்ளையாரை மன்றாடியபடி நான். பொழுது சாயமுன் குட்டி எழுந்து நின்றது.

அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். அந்த நாட்களில் தொலைக்காட்சியில் எந்நேரமும் தமிழர் வழக்குத்தான். எங்கள் குடும்பங்களின் விசாக் கடதாசிகளை முடக்கி வைத்தது எந்த மந்திரி, அதை மறைத்தது எந்த மந்திரி என்ற விசாரணை. நீ சொன்னாய்: "மறைச்சு வைச்ச கடதாசியால நான் மூண்டு வருசம் மன்னாரில கிடந்தனான். நீங்கள் ஒரு மணித்தியாலத்தில சொல்லிப்போட்டியள். உங்களுக்கு இந்த நாட்டில மந்திரி வேலை கிடைக்காது அக்கா." பிறகு என் தோளில் தலையை வைத்து அழுதாய். இக்காஸ்டுக்கு வந்த பிறகு நீ அழுததை நான் கண்டது அன்றுதான்.

அந்தக் குட்டியின் வழியாகத்தான் இன்றைக்கு இருபத்தாறு நிற்கின்றன.

தேவாலயத்தில் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் உன் வீட்டில் இருந்தோம். உன் மனுசன் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். "முதல் குட்டி ஈண்டபோது தாய்க்குப் பாலே சுரக்கேல்ல. இவதான் ஓடித்திரிஞ்சு காப்பாத்தினவ" என்றார்.

கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அவரிடம்கூட நீ சொல்லவில்லை! இத்தனை வருடம்!

"தம்பி, பால் சுரந்தது. நான்தான் கறந்தனான். பிள்ளையாருக்குக் கடும்பு காய்ச்ச" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அது சரி அக்கா, பிள்ளையாருக்குப் பிடிச்சதோ?" என்றார்.

"அரைத் தம்ளர்தான் வந்தது தம்பி. அவருக்கே காணேல்ல."

நீ போன பிறகு அவர் முதன்முறை சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

மறைக்காமல் சொன்னதற்காக என்னை மெச்சியவள் நீ. அதே வாயால் எனக்காக ஒன்றை மறைத்தும் வைத்திருந்தாய், என்னிடம்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த மனம் எனக்கு வராது. வரவேண்டுமென்று இனி முயல்வேன்.

நேற்று உன் மகள் கூப்பிட்டாள். பெட்டை அல்பாக்கா ஒன்று ஈன்றிருந்தது. போய் வேலியோரம் நின்றேன். "பெரியம்மா, கை எங்க?" என்று கேட்டாள் அவள், உன்னைப்போலவே கண்ணைச் சுருக்கி. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைத் திரும்பிக் காட்டினேன். குட்டி மடியைப் பிடித்து, வாலைத் தூக்கி, வயிறு நிறையக் குடித்து முடிக்கும் வரை அவற்றை நான் அவிழ்க்கவில்லை.