காட்டில் வைத்த புள்ளி

1961 ஐப்பசி 9, மாங்குளம்

மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்ற இந்தப் பகுதியில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஊர்களைக் கேட்க, இன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். அரசாங்கக் கந்தோரில் படம் வரைகிறவன் நான் என்பதால் வரைபடத்தை நானே விரித்தேன். ஊருக்கு ஒரு சிவப்புப் புள்ளி. ஒவ்வொருவரும் தங்கள் குளத்தின் மேலேயே வைத்தார்கள். பக்கத்துக் குளத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக வந்தவர் கொக்கிளாய் மீனவர் சவிரிமுத்து. தான் மீன் பிடிக்கும் கடலோரக் களப்பில் வைப்பார் என்று நினைத்தேன். அவர் ஆற்றுக் கோட்டில் விரலை வைத்து மேலே மேலே போய், நெடுங்கேணிக் காட்டுக்குள் புள்ளியைப் போட்டார்.

"அண்ணை, காட்டுக்கை என்ன மீனோ பிடிக்கிறியள்?" என்று வயல் செய்யும் ஒரு கமக்காரர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்தக் காட்டை வெட்டினா மண் வந்து உங்கட குளம் தூர்ந்துபோகும். எங்கட களப்புக்கு நல்ல தண்ணியும் வராது, இறாலும் வராது."

சிரிப்பு நின்றது. ஆனால் ஒருவரும் தன் புள்ளியை மாற்றவில்லை.

மத்தியானம் எங்கள் அதிகாரி என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "அது அரசாங்கம் வெட்டிச் சனங்களுக்குக் குடுக்கப்போற காணி. நீர் அந்தப் புள்ளியை அழிச்சுவிடும்."

அழித்தேன். அந்தக் காட்டில் மூன்று ஏக்கர் கேட்டு நானும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

பஸ் ஏறப்போகும் நேரம் சவிரிமுத்து என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, என்ர புள்ளியைக் கொஞ்சம் பெரிசாப் போட்டுவிடுங்கோ. கொழும்பில பாக்கிறவைக்கும் தெரியவேணும்."

"ஓம் ஐயா" என்றேன்.