கதவிடுக்கில் அடைத்த துண்டுகள்

பாட்போர்க்,
மார்ச் 14, 2010

அன்பு மகள் டோர்தேவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், நடக்கிறேன், படியேறினால் மட்டும் முழங்கால் என்னைத் திட்டுகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் அங்கே வெலிங்டனில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு ஞாயிறாக நீ கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே ஏதாவது சிரிப்புக் கதைக்குத் தாவிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். எழுத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் நான் போடிலின் வீட்டுக்கே குடிபோய்விடுவதாக இருந்ததல்லவா, அது நின்றுபோயிற்று. இனி எப்போதாவது நடக்குமா என்றும் தெரியவில்லை. அவள் மேல் ஒரு துளித் தப்பும் இல்லை. எல்லாம் நான் பண்ணியது, அதுவும் நேற்று இன்று பண்ணியதல்ல.

என்னோடு லாரி ஓட்டிய அவள் புருஷன் பிரேபென் இறந்துபோன பிறகு இந்த முப்பத்தோரு வருஷமும் போடில் நம் வீட்டுக்கு என்னவாக இருந்தாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த ஆறு மாசமும் சூப் வைத்துக்கொண்டு வந்தவள் அவள். அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குச் சோறு போட்டவளும் அவள்தான். என் மாத்திரைப் பெட்டியும் ஒரு ஜோடி செருப்பும் அவள் வீட்டிலேயே கிடக்கும். இந்த வயசில் இரண்டு கிழடுகள் எதற்கு இரண்டு வீட்டுக்கு விறகு போட வேண்டும் என்று அவள்தான் முதலில் கேட்டாள். நீகூட, போங்கப்பா, எனக்கு நிம்மதி என்றாய்.

போன மாதம் நம் ஊர் லாரி ஓட்டுநர் சங்கத்துப் பையன்கள் (பையன்கள் என்றால் அறுபது வயசுக்காரர்கள்) எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்கானியா லாரியைப் பிடித்து வந்து, பெயின்ட் அடித்து, சங்கக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் கேபினுக்குள்ளேயே எப்படிக் குடித்தனம் பண்ணினோம் என்று பழைய ஆட்கள் வந்து பேச வேண்டுமாம். என்னைக் கேட்கவா வேண்டும். போடிலையும் அழைத்துக்கொண்டு போனேன். அந்த கேபினுக்குள் தலையை விட்டதும் பழைய டீசல் நாற்றமும் ஈரக் கம்பளி நாற்றமும் மூக்கில் ஏறிற்று, வாய் தானாகத் திறந்துகொண்டது. படுக்கை அறுபது சென்டிமீட்டர் அகலம், புரள வேண்டுமென்றால் எழுந்து உட்கார்ந்து திரும்பித்தான் படுக்க வேண்டும், சவப்பெட்டியையாவது கொஞ்சம் அகலமா செய்வாங்கடா என்று பிரேபென் சொல்வான். உருளைக்கிழங்கைத் தகரத்தாளில் சுற்றி என்ஜின் மேல் செருகி வைத்தால் நூறு கிலோமீட்டரில் வெந்துவிடும். குளிர்காலத்தில் நாம் விடுகிற மூச்சே கூரையில் உறைந்து, விடிந்ததும் முகத்தில் சொட்டும். ஒருதடவை என் தலைமயிர் பின்சுவரோடு உறைந்து ஒட்டிக்கொண்டு, கத்தரிக்கோலால் வெட்டித்தான் எழுந்தேன். இதையெல்லாம் சொல்லச் சொல்ல ஜனங்கள் சிரித்தார்கள், நானும் குஷியில் இருந்தேன். வருஷத்தில் இருநூறு நாள் அப்படிக் கிடந்தோம் என்பதும், உன் முதல் பல் விழுந்ததை நான் பதினெட்டு நாள் கழித்துத்தான் கேட்டேன் என்பதும் அப்போது என் வாயில் வரவில்லை.

போடில் தானும் ஏறிப் பார்க்க வேண்டும் என்றாள். கைகொடுத்து ஏற்றிவிட்டேன். அவள் நேராகப் பின்னால் போய் அந்தப் படுக்கையில் படுத்தாள், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, துண்டு வைக்கிற இடம் எது, காட்டுங்க என்றாள். எனக்குப் புரியவில்லை. கதவு இடுக்குல துண்டு அடைப்பாங்களே, அந்த இடம் என்றாள். ஓ அதுவா என்று நான் பழைய கெத்தில், கதவைச் சுத்தி எல்லா இடமும்தான், நாங்க எல்லாருமே அடைப்போம், அடைக்காதவன் விறைச்சே செத்திருப்பான் என்றேன். எல்லாருமா, என்று கேட்டாள். எல்லாரும்தான், நானும்தான் என்றேன். அவள் முகம் வெளுத்த வெளுப்பைப் பார்த்து, உள்ளே காற்று போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கீழே இறக்கிவிட்டேன். நேராக அவள் வீட்டுக்குப் போனோம்.

வீட்டில் காபி ஊற்றி வைத்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தது. பிரேபென் செத்தபோது அந்த யூகோஸ்லாவிய டாக்டர் எழுதிக் கொடுத்த தாள். உங்களுக்கு அலமாரி ஒழிச்சப்போ கிடைச்சுது, இத்தனை வருஷமா இதைப் பிரிக்கவே பயந்தேன், செனாதாகிட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னேன் என்றாள். செனாதா அவளுக்கு வீட்டு வேலைக்கு ஒத்தாசை செய்யும் பெண், போஸ்னியாக்காரி, அந்தப் பாஷை அவளுக்குத் தெரியும். காலையில ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல உயிர் போச்சுன்னு போட்டிருக்காம், நீங்க ராத்திரியே, தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்னீங்களே ஹோல்கர் என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உனக்கும் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், உன் அம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன். நடந்தது இதுதான், படி. எழுபத்தொன்பது ஜனவரி, பெல்கிரேடுக்குப் பக்கத்தில் ஒரு சுங்க வளாகம், முத்திரைக்காக மூன்றாவது நாளாக நிற்கிறோம், அவன் வண்டியும் என் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில். வெளியே மைனஸ் இருபது டிகிரி குளிர். என்ஜின் நிறுத்தின பிறகும் ஓடுகிற ஹீட்டர் எங்கள் முதலாளி எந்த வண்டிக்கும் போட்டுத் தரவில்லை. இரண்டு பேரும் கதவிடுக்கில் துண்டு அடைத்து, உள்ளே கேஸ் அடுப்பைச் சிறியதாக எரியவிட்டுப் படுத்தோம். ஒரே மாதிரி அடுப்பு, ஒரே கடையில் வாங்கியது. என் வண்டியில் கியர் ராடுக்கு அடியில் இருந்த ரப்பர் கிழிந்து, அது வழியாகக் குளிர்காற்று கத்தி மாதிரி வந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டையைத் திட்டித் தீர்த்துக்கொண்டேதான் தூங்கினேன். அடுப்பின் விஷக்காற்று உள்ளே தேங்காமல் பண்ணிய அந்த ஓட்டையினால்தான் இன்றைக்கு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரேபென் எப்போதும் தன் வண்டியைச் சுத்தமாக, ஒரு ஓட்டை உடைசல் இல்லாமல் வைத்திருப்பான்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. திரை இழுத்து மூடியிருந்தால் அந்த கேபின் கதவை எவனும் தட்டக் கூடாது. சுங்க அதிகாரிகூடத் தட்ட மாட்டான். மனுஷனுக்கென்று அந்த வண்டியில் வேறு என்ன இருந்தது, ஒரு திரை, அவ்வளவுதான். முதலில் எழுந்தவன் காபி போட்டு, பக்கத்து வண்டிப் படியில் ஃபிளாஸ்க்கைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவான். ஏழு மணிக்கு நான் வைத்தேன். ஒன்பது மணிக்கு ஒரு சுற்று நடந்து வந்தபோதும் ஃபிளாஸ்க் அங்கேயே இருந்தது. நின்று பார்த்தேன் டோர்தே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுத் திரை அசைந்தது. உள்ளேயிருந்து நாலு விரல் அதன் ஓரத்தைப் பிடித்தது, கொஞ்சம் இழுத்தது, விட்டுவிட்டது. வெளிச்சம் படுதென்று இழுத்து மூடுகிறான், என்னைப் போடா என்கிறான் என்று நினைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டு, தூங்குடா சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போய், ஸ்வீடன்காரர்களோடு நின்று சீட்டாடினேன். பதினொரு மணிக்கு எங்கள் நம்பரைக் கூப்பிட்ட பிறகுதான் தட்டினேன். அப்புறம் கண்ணாடியை உடைத்தேன். உடம்பு சூடாக இருந்தது. அடுப்பில் கேஸ் தீர்ந்து அணைந்திருந்தது. அவன் ஒரு கை திரைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் போடிலிடம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். அவளுக்கு வலிக்கக் கூடாதென்றுதான் ராத்திரியே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று அப்போது சொன்னதாகவும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, ஒன்பது மணிக்கு நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது என்ற பயம். இதையும் சேர்த்தே சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் அடிக்கவில்லை. அந்த விரல் திரையைத் திறக்க இழுத்துதா, மூட இழுத்துதா என்று கேட்டாள். திறக்கத்தான், அப்போ எனக்குப் புரியலை என்றேன். அப்போ வெளியே வரப் பார்த்திருக்கார் என்றாள். ஆமாம் என்றேன். அப்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. அப்புறம்தான் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் அவன் சுங்க ஆபீஸிலிருந்து அவளைப் போனில் கூப்பிட்டிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கும் வரலை, புதுவருஷத்துக்கும் வரலை, இனிமே நீங்க வந்தா என்ன வராட்டி என்ன என்று கத்திவிட்டு வைத்துவிட்டாளாம். நாலு நாள் கழித்து எங்கள் முதலாளி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, கதவு இடுக்கெல்லாம் துண்டு அடைச்சிருந்துது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். லாரி ஓட்டுகிறவனுக்கு அது குளிர். வீட்டில் இருக்கிறவளுக்கு அது என்ன? அவனே வேண்டுமென்று அடைத்துக்கொண்டு கேஸைத் திறந்துவிட்டான், தன் வாய்தான் அவனைக் கொன்றது என்று முப்பத்தோரு வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். யாரிடம் கேட்பாள்? கேட்டால் வெளியே தெரிந்துவிடுமே, பிள்ளைக்குத் தெரிந்துவிடுமே. அந்தத் தாளில் அந்த வார்த்தை எழுதியிருக்கும் என்று பயந்தே அதைப் பிரிக்காமல் வைத்திருக்கிறாள். தூக்கத்தில் போய்விட்டான் என்று நான் ஆறுதல் சொன்ன ஒவ்வொரு தடவையும், பாவம், என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்திருக்கிறாள். பார்த்தாயா மகளே. பொய் சொன்னேன் என்பது அவளுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது, எந்தப் பொய் என்பதுதான் தெரியவில்லை.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷமும் என்னை மரியாதையாக நீங்க என்றே கூப்பிட்டவள், எனக்கு எது தாங்கும் எது தாங்காதுன்னு முடிவு பண்ண நீ யாருடா என்றாள். அவர் வரணும்னு நினைச்சார், அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்டா, அதை உன் பாக்கெட்டுக்குள்ளேயே வச்சுக்கிட்டு என் மேஜையில உக்காந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சோறு தின்னிருக்கே என்றாள். வாயைத் திறந்தால் என்னையே நியாயப்படுத்திக்கொண்டிருப்பேன். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இது நடந்து பதினாறு நாள் ஆயிற்று. நாலாம் நாள் செனாதா ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள், உள்ளே என் மாத்திரைப் பெட்டியும் செருப்பும் இருந்தன. கூடவே ஒரு செய்தி. நான் பார்த்ததை மணி உட்பட, ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம், அவள் தன் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டப் போகிறாளாம். பத்து வரிதான் வந்தது, எழுத மூன்று நாள் ஆயிற்று. சோம்பேறி என்று சொன்னதையும், சீட்டாடினதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை. வராது என்றும் தெரியும். கடையில் ஒருநாள் எதிரில் வந்தாள், நின்றாள், என் தாடியைப் பார்த்தாள், போய்விட்டாள்.

நீ உடனே கிளம்பி வருகிறேன் என்று டிக்கெட்டுப் பார்க்காதே, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. எனக்குச் சமைக்கத் தெரியும், கேபினில் சமைத்தவனுக்கு இந்த வீடு அரண்மனை. மாப்பிள்ளையை மலைப்பாதையில் மெதுவாக ஓட்டச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் நால்வரையும் ஆண்டவர் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும், உங்களுக்குள் எந்தச் சண்டையும் போனை வைத்துவிடுவதோடு முடியாமல் இருக்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. போடில் உன் போனை எடுப்பாள், உன்னை அவளுக்குப் பிடிக்கும். எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே. எங்கப்பா ரொம்ப உடைஞ்சுபோயிட்டார் என்று சொல்லவே சொல்லாதே. இப்போதாவது ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேள். வருகிறது என்று அவள் சொன்னால், எனக்கு அதை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
ஹோல்கர்