வெள்ளையாகிப் போன கோர்ட்

12 மார்ச் 1946, செவ்வாய்.

டென்னிஸ் தலைமைச் சங்கத்திலிருந்து எங்கள் கிளப்பைப் பார்வையிட இன்று ஒருவர் வந்தார். அவர்கள் அங்கீகரித்தால்தான் எங்கள் கிளப்பில் ஆடும் மரியான் தேசியப் போட்டியில் ஆட முடியும். நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. தூசி அடங்கட்டும் என்று, கிளப் செயலாளரான நான்தான் நேற்று உப்புக் கிணற்று நீரையே தெளிக்கச் சொன்னேன். காலை வெயிலில் தரையெங்கும் உப்புப் பூத்து, சுண்ணாம்புக் கோடுகள் மறைந்துவிட்டன.

“கோடே தெரியலையே, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று வந்தவர் காரில் ஏறிவிட்டார். அடுத்த வருஷம் மரியான் கொழும்பில் கடை வேலையில் இருப்பான்.

தண்ணீர் தெளித்த கிளப் வேலையாள் சுடலைமீது மரியான் பாய்ந்தான். “ஏலே, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

சுடலை என்னைத்தான் பார்த்தான். நான் குனிந்து வலையைச் சுருட்டினேன்.

நாளைக் காலையும் சுடலை வாளியோடு வந்து, எந்தக் கிணறு என்று என்னிடம்தான் கேட்பான்.